கொழுப்புத் துண்டுக்குச் சண்டை போட்ட லயம்

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆடு வெட்டுவார்கள். தேயிலைத் தோட்டம் கொடுத்த தீபாவளி அட்வான்ஸில் பல வீடுகள் சேர்ந்து வாங்கிய ஒற்றை ஆடு. வாழையிலைகளை வரிசையாக விரித்து, தராசு இல்லாமல் கண்ணளவிலேயே ஒரு பெரியவர் கூறு போடுவார். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் சதை, கொஞ்சம் எலும்பு, ஈரலில் ஒரு துணுக்கு, குடலில் ஒரு சாண், அப்புறம் கொழுப்பு. சதை கூடக்குறைய இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொழுப்பு குறைந்தால் சண்டை வரும். பால் கொடுக்கிற பெண் இருக்கிற வீட்டுக்கு மட்டும் கொழுப்பில் ஒரு துண்டு கூடுதலாக வைப்பார் பெரியவர். அந்தத் துண்டைப் பற்றி எவரும் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் அப்பாயி அந்தக் கொழுப்பைச் சட்டியில் உருக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்து, பழைய பால்மா டின்னில் ஊற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். கீரை கடையும்போதும் ரசம் வைக்கும்போதும் அதிலிருந்து கரண்டி நுனியளவு எடுப்பார். யாருடைய தட்டில் எண்ணெய்ப் பொட்டு அதிகம் விழுகிறது என்று பிள்ளைகள் நாங்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன தீபாவளிக்கு அதே அடுப்படியில் அக்கா ஆட்டிறைச்சியை வைத்துக்கொண்டு கொழுப்பை ஒவ்வொரு துண்டாக நறுக்கி ஒதுக்கினார். ஒதுக்கியதை நாய்க்குக் கொண்டுபோய்ப் போட்டார்.

“எனக்குக் கொலஸ்ட்ரோலாம் தம்பி. கொழுப்பக் கண்ணால கூடப் பார்க்கக் கூடாதுன்னு டொக்டரம்மா சொல்லிட்டாங்க.”

அன்று முழுவதும் நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். காலையில் கோதுமை மா ரொட்டி. பிறகு தேங்காயெண்ணெயில் பொரித்த வடையும் முறுக்கும். வீட்டுக்கு ஆள் வரும்போதெல்லாம் அவர்களோடு சேர்ந்து சீனி நிறையப் போட்ட பால் தேத்தண்ணி. மத்தியானம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு. இதிலெல்லாம் தமக்கு ஆபத்து இருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பை ஒதுக்கியாயிற்று, அதோடு வருத்தமும் ஒதுங்கிவிடும் என்று முழு மனதோடு நம்பியிருந்தார். வாழ்நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு, தன் உடம்பைப் பற்றிக் கிடைத்த அறிவு இவ்வளவுதானா என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டவுனான கொஸ்லந்த என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகங்கள் வரும். ஒன்று, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. மற்றது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்களுக்கு இது பஸ் ஏறும் ஊர், ஆஸ்பத்திரி இருக்கும் ஊர், சம்பளத்தன்று சாமான் வாங்கும் ஊர். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், தேயிலை மலை முடிந்து வறண்ட பூமி தொடங்கப் போகிற இடத்தில் இருக்கிறது. மேலே பூனாகலைத் தோட்டங்கள், கீழே சேனைப் பயிர். அதனால் கீழேயிருந்து குரக்கன், சோளம், கௌபி, பாசிப்பயறு எல்லாம் வரும். மேலேயிருந்து கோவா, கரட், லீக்ஸ் வரும். நடுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலாமரம். கொலஸ்ட்ரோலுக்கு ஏற்ற சாப்பாட்டை இதைவிட லேசாகத் திரட்டக்கூடிய ஊர் இந்தத் தீவில் அதிகம் இருக்காது.

அந்தக் காலத்துச் சாப்பாடு அமிர்தம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களாக இருக்க முடியாது. அம்மா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னால், இருட்டிலேயே எழுந்து மாப் பிசைவார். மா, உப்பு, தண்ணீர். சம்பளம் போட்ட வாரமென்றால் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சேரும். கல்லில் எண்ணெய் பூசும் வழக்கமே கிடையாது. வெறுங்கல்லில் தடிப்பாகத் தட்டிப் போடுவார், விளிம்பு கருகி நடு கொஞ்சம் வேகாமல் இருக்கும். அம்மியில் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அரைத்த கட்டச் சம்பல். இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார். எங்களுக்கு மிச்ச ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும். சீனியைத் தேத்தண்ணியில் கரைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்போம்.

அந்தக் கோதுமை எங்கள் மண்ணில் விளைந்ததல்ல. அமெரிக்காவின் பி.எல். 480 உதவித் திட்டத்தில் கப்பலேறி வந்த மா அது. பிறகு 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை வந்தது. மா மலிவாகக் கிடைத்ததால் ரொட்டி எங்கள் பரம்பரைச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. தவிடு நீக்கிய அந்த வெள்ளை மாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. உடம்பு அதைச் சீனியைப் போலவே சீக்கிரம் கரைத்துக்கொள்ளும். மலையில் ஏறி இறங்கி உழைத்தபோது அந்தச் சீனி எரிந்து போனது. உழைப்பு நின்ற பிறகும் ரொட்டி நிற்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது லயத்தைச் சுற்றியிருந்த பச்சை. பீலித் தண்ணீர் ஓடும் ஈரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. வேலியோரம் முருங்கை, அகத்தி. வாசலில் அவரைப் பந்தல், பின்னால் கத்தரியும் வெண்டியும் மரவள்ளியும். யாரும் இவற்றை மருந்தென்று நினைத்து நட்டதில்லை. கடையில் வாங்கக் காசில்லாததால் நட்டார்கள். பருப்பும் பயறும் கௌபியும் இறைச்சிக்குப் பதிலாக வந்தவை. பலாக்காய் காய்த்த மாதங்களில் மூன்று வேளையும் பலாதான், கொட்டையைக்கூட விட மாட்டோம். இலங்கை முழுக்கப் பத்து லட்சம் பலாமரம் நட வேண்டும் என்று இயக்கம் நடத்தி, சிங்கள மக்களிடம் ‘பலா மாமா’ என்று பெயர் வாங்கியவர் ஆர்தர் வி. டயஸ். அவர் பெயரை நான் பின்னாளில்தான் படித்தேன். அவருடைய இயக்கத்தால் நட்ட மரம் எங்கள் மலையில் இருந்ததோ என்னவோ, பசித்த வயிறுகளுக்குப் பலா என்ன செய்யும் என்பதை அவர் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்.

1973, 74இல் பலாவும் பற்றவில்லை. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, கூப்பன் அரிசி குறைந்தது, மாவுக்கும் பாணுக்கும் வரிசை. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கை மாறிக்கொண்டிருந்த நேரம், வேலை நாளும் குறைந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில்தான் சாவு வேகமாக ஏறியது. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், மரவள்ளி இலையை அவித்துத் தின்றார்கள், வவுனியாப் பக்கம் பிழைக்கப் போனார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைகளை மாஸ்டர் தூக்கிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் லயத்தில் ஆடு வெட்டவில்லை.

இந்தப் பட்டினிக்கும் இன்றைய இரத்தப் பரிசோதனைத் துண்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிவதற்கு எனக்கு ஓய்வு பெறும் வயதாயிற்று. டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பிடித்து, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் சீனி வருத்தமும் அதிகம் வருவதைக் காட்டினார். நெதர்லாந்தில் 1944–45 பனிக்காலத்தில் பெரிய பஞ்சம். அப்போது கருவாகி ஆரம்ப மாதங்களில் இருந்த குழந்தைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரோல் நல்ல கொலஸ்ட்ரோலைவிட மிஞ்சி நிற்கும் விகிதம் அவர்களிடம் கூடியிருந்தது. வயிற்றிலேயே பஞ்சம் பார்த்த உடம்பு, பிறகு கிடைப்பதை விடாமல் சேமிக்கப் பழகிவிடுகிறது என்பது பார்க்கரின் விளக்கம். எங்கள் தோட்டங்களில் 1974இல் தாய் வயிற்றில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருஷம்தான் நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லாததால் வந்த வினை என்று அவர்களைப் பார்த்து யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியாது.

இன்னொன்றும் பொறுக்க முடியாதது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கையில் ஏறக்குறைய 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 32 வீதம். ஒரே லயத்து வீட்டில் பாட்டிக்குக் கொலஸ்ட்ரோல், பேத்திக்கு வளர்ச்சி இல்லை. சமைப்பது ஒரே அடுப்பில்தான்.

அக்காவின் பரிசோதனைத் துண்டை வாங்கிப் பார்த்தேன். கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எல்.டி.எல். 171. இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 240ஐத் தாண்டியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எச்.டி.எல். 38. தெற்காசியர்களிடம் அதிகம் காணும் கோலம் இது. கெட்டது கூடுவதோடு, ட்ரைகிளிசரைட் ஏறி நல்லது இறங்கிவிடும். ட்ரைகிளிசரைட் ஏறுவதற்கு ஆட்டுக் கொழுப்பு அவ்வளவு தேவையில்லை. வெள்ளைச் சோறு, வெள்ளை மா, சீனி, சாராயம் போதும். அக்கா நாய்க்குப் போட்டது எல்.டி.எல்லுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும். ட்ரைகிளிசரைட்டை ஏற்றிய சாமான் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இதை அக்காவுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. உடம்புக்கு அது வேண்டும், ஒவ்வொரு உயிரணுவின் சுவரும் அதை வைத்துத்தான் கட்டப்படுகிறது. மிஞ்சியதைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரலின் மேல் கொழுந்துக்கூடைக் கயிறு மாதிரி பிடிகள் இருக்கின்றன. வெண்ணெய், தேங்காயெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்தப் பிடிகள் குறையும், எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றும். பயறு, வெண்டிக்காய், ஓட்ஸ் இவற்றில் இருக்கும் கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். போன பித்தத்தை மறுபடி செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை எடுத்தாக வேண்டும். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “அப்ப நம்ம அப்பாயி வச்ச வெண்டிக்காக் குழம்புக்கு இம்புட்டு வேலை இருந்துச்சா?”

இருந்தது. டொரொன்டோ பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கொலஸ்ட்ரோல் கூடிய 46 பேர், நான்கு வாரம். ஒரு கூட்டத்துக்கு வெண்டிக்காய், கத்தரிக்காய், வாற்கோதுமை, ஓட்ஸ், சோயா, பாதாம், தாவர ஸ்டெரோல் சேர்த்த மாஜரின் என்று அளந்து கொடுத்த சாப்பாடு. இன்னொரு கூட்டத்துக்குக் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையில் ஒன்றான லோவஸ்டாட்டின் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 30.9 வீதம் இறங்கியது. சாப்பாட்டுக் கூட்டத்துக்கு 28.6 வீதம். ஆனால் அது எல்லாவற்றையும் சமைத்துக் கையில் கொடுத்த நிலைமை. பின்னர் 2011இல், ஆலோசனை மட்டும் சொல்லி ஆட்களை அவரவர் வீட்டில் சமைக்க விட்டபோது ஆறு மாதத்தில் 13, 14 வீதம்தான் இறங்கியது. அதுவும் சின்னக் காரியம் இல்லை. கூலிக்காரக் குடும்பத்துக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: அந்தப் பட்டியலில் இருக்கும் காய்கறிகள் எங்கள் பழைய வாசல் தோட்டத்திலேயே இருந்தவை.

ஆனால் அக்கா வீட்டு அலுமாரியில் இருந்தது வேறு பட்டியல். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பியது ஒரு குப்பி மீனெண்ணெய். லயத்துக்கு வந்து சீட்டுக் கட்டுகிற மாதிரி ஆள் சேர்த்து விற்கும் ஒரு பெண்ணிடம் வாங்கியது பூண்டு வில்லை. அவரே கொண்டுவந்து கொடுத்த மூன்றாவது குப்பியில் சிவப்பு அரிசியின் சத்து என்று எழுதியிருந்தது. 2024இல் ஒரு நாள் கூலி 1,350 ரூபாய்க்கு வந்ததை நாங்கள் பெரிய வெற்றியாகப் பேசினோம். அந்தக் கூலியில் பல நாள் இந்தக் குப்பிகளுக்குப் போயிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த, அதே ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோவஸ்டாட்டின் மாத்திரையை அக்கா நிறுத்திவிட்டிருந்தார்.

“இங்கிலீசு மருந்து ஈரலத் தின்னுருமாமில்ல. இது வெறும் பூண்டுதான தம்பி, நம்ம சாப்பிடுறதுதான?”

நம்ம சாப்பிடுறதுதான். பூண்டு குழம்புக்கு நல்லது, ரசத்துக்கு மிக நல்லது. 2022இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் ஏறக்குறைய 200 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ரோசுவஸ்டாட்டின் 5 மில்லிகிராம், மிகச் சிறிய அளவு. மற்றக் கூட்டங்களுக்கு மீனெண்ணெய், கறுவா, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரோல், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆளுக்கொன்று. ஒரு கூட்டத்துக்கு வெறும் போலி மாத்திரை. 28 நாள் முடிவில் ரோசுவஸ்டாட்டின் எல்.டி.எல்லை ஏறக்குறைய 38 வீதம் இறக்கியது. அந்த ஆறில் ஒன்றுகூடப் போலி மாத்திரையைவிடச் சொல்லத்தக்க அளவு இறக்கவில்லை. பூண்டுக் கூட்டத்தில் எல்.டி.எல். கொஞ்சம் ஏறியே இருந்தது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவஸ்டாட்டினை விற்கும் அஸ்ட்ராசெனெகா நிறுவனம்தான், நான்கு வாரம் குறுகிய காலம்தான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஆனாலும் ஸ்டாட்டின் வேலை செய்கிறது என்பதற்கு வேறு எத்தனையோ பெரிய சோதனைகள் இருக்கின்றன. பூண்டு வில்லைக்கு அப்படிப் பின்பலம் கிடையாது.

எல்லாக் குப்பியும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். தாவர ஸ்டெரோல் நாளொன்றுக்கு 2 கிராம் அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்.டி.எல்லை 8 முதல் 10 வீதம் வரை குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. இசப்பகோல் உமியும் கொஞ்சம் உதவும். மீனெண்ணெய் பெரிய அளவில், மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும். எல்.டி.எல்லுக்கு அது மருந்தல்ல. கடையில் வாங்கும் சாதாரண வில்லையில் இருக்கும் அளவு ட்ரைகிளிசரைட்டுக்கும் காணாது. அந்தக் காசுக்குச் சூடையும் நெத்தலியும் வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் புரதமாவது கிடைக்கும்.

சிவப்பு அரிசிக் குப்பிதான் என்னைப் பயமுறுத்தியது. அது நம் சிவப்புப் பச்சையரிசியும் இல்லை, மாப்பிள்ளைச் சம்பாவும் இல்லை. சீனாவில் ஒருவகைப் பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் மொனகொலின் கே என்ற பொருளும் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவஸ்டாட்டின் மாத்திரையும் வேதியியல்படி ஒன்றேதான். அதாவது அக்கா பயந்து ஒதுக்கிய ‘இங்கிலீசு மருந்தின்’ குடும்பத்தையே, காசு கொடுத்து, எவ்வளவு இருக்கிறதென்று தெரியாத அளவில் விழுங்கிக்கொண்டிருந்தார். சில குப்பிகளில் அது கொஞ்சமும் இருக்காது. சிலதில் அதிகம் இருக்கும், கூடவே சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சும் கலந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் மொனகொலின் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது இதனால்தான்.

கிளினிக்கில் கொடுத்த அந்த மாத்திரையின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். ஜப்பானில் கிராமத்தில் பிறந்து வளர்ந்த அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் முதலாவது ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். எங்கள் மலையில் பட்டினி தொடங்கிய அதே வருஷம். அவர் 2024இல் காலமானார். அந்த வகை மருந்து இன்று கொஸ்லந்தவில் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கைக்கு ஒரு சதமும் செலவில்லாமல் வருகிறது. வருவதற்கு இந்த நாட்டின் இலவச மருத்துவமும், மருந்தைப் பொதுப் பெயரில் மலிவாக வாங்க வேண்டும் என்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலேயும், அவர் வழியில் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் காரணம். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்த மாத்திரையையும் வெளியில் வாங்கச் சொன்னார்கள். அப்போதுதான் அதன் அருமை பலருக்குத் தெரிந்தது. மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வரும், மிகச் சிலருக்குக் கல்லீரல் பரிசோதனையில் மாற்றம் தெரியும். அப்படி வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ வகையையோ மாற்றலாம். தானாக நிறுத்தினால் சில வாரத்தில் கொலஸ்ட்ரோல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அதுவும் எந்த வலியும் காட்டாமல்.

தேங்காயைப் பற்றிப் பேசாமல் எங்கள் அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. ஒரு காலம் தேங்காய் நஞ்சு என்றார்கள், இப்போது தேங்காயெண்ணெயே மருந்து என்று கைத்தொலைபேசியில் வீடியோ வருகிறது. இரண்டுமே சரியில்லை. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. 2020இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்லை டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று கண்டது. பசிபிக் தீவான தொக்கெலாவில் மக்கள் தென்னையை நம்பியே வாழ்ந்தார்கள், அவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது, ஆனால் இருதய நோய் அரிதாகத்தான் இருந்தது. அவர்கள் தேங்காயை மீனோடும் கிழங்கோடும் சாப்பிட்டவர்கள், மாவையும் சீனியையும் அதிகம் அறியாதவர்கள். அம்மா ரொட்டி மாவில் போட்ட ஒரு பிடி தேங்காய்ப்பூவை நான் கடைசி வரை விட்டுக்கொடுக்க மாட்டேன். பஸ் நிலையத்துக் கடையில், காலையில் ஊற்றிய எண்ணெயை இரவு வரை காய்ச்சிக் காய்ச்சிப் பொரிக்கும் ரோல்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் பல வீடுகளில் பால் பிழிவது தானாகவே பாதியாகிவிட்டது.

முட்டையை விலக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் பெரியபிள்ளையான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் கிடைத்த பொருள் அது. ஒரு முட்டையில் 200 மில்லிகிராமுக்குக் கிட்ட கொலஸ்ட்ரோல் இருந்தாலும், சாப்பாட்டுக் கொலஸ்ட்ரோல் இரத்தத்துக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்கர்கள் 2015இலேயே எடுத்துவிட்டார்கள். வளராத பேத்திக்கு ஒன்று, பாட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்று வைத்தால் போதும்.

அக்கா வீட்டில் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ரொட்டி இருக்கிறது, ஆனால் மாவில் பாதி குரக்கன். முதலில் பேரப்பிள்ளைகள் கறுப்பு ரொட்டி என்று முகம் சுளித்தார்கள், சம்பலில் வெங்காயம் கூடப் போட்டதும் சாப்பிட்டார்கள். இரவுக்கு அவித்த கௌபியோ பாசிப்பயறோ. சோயா மீட் வாங்கினால் பக்கெற்றோடு வரும் உப்புத் தூளைப் போடாமல் வீட்டு மிளகாய்த்தூளில் சமைக்கிறார், இல்லாவிட்டால் பிரஷர் ஏறும். தேத்தண்ணிக்குப் பழையபடி சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறார், இம்முறை அளவைக் குறைப்பதற்காக. மாத்திரையை மறுபடி தொடங்கினார். மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 104க்கு வந்தது. மாத்திரை எவ்வளவு, குரக்கன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பெரும்பங்கு மாத்திரைக்குத்தான் என்று நினைக்கிறேன். ட்ரைகிளிசரைட் இறங்கியதில் சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்ததற்குப் பங்கு உண்டு.

என் கவலை இப்போது அக்காவின் மகளைப் பற்றியது. நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் கொழுந்து பறிக்கிறாள். 2011 தொடக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடுவயதுக்காரர்களுக்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்க ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, பணம் கேட்பதில்லை. ஆனால் அது நடப்பது வேலை நாள் காலையில். அவள் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரிசையில் நின்று திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். “பேர் போனா சம்பளத்துல இடிக்கும் மாமா, வருத்தம் ஒண்ணும் தெரியலியே” என்கிறாள். அம்மாவுக்கு வந்தது தனக்கும் வரக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போக முடியவில்லை.

கொலஸ்ட்ரோல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை என்று 2016இலேயே ஐரோப்பிய நிபுணர்கள் கூடி முடிவு சொன்னார்கள். ட்ரைகிளிசரைட் மிக அதிகமாக இருப்பவர்களை மட்டும் மறுபடி பட்டினியோடு கூப்பிட்டால் போதும். அப்படியானால் தாதி ஒருவர் மூன்று மாதத்துக்கொரு தடவை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வரலாம். பெண்கள் எப்படியும் அங்கே கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். இரத்தத்தை அங்கேயே எடுக்கலாம், அடுத்த வருகையில் துண்டையும் மாத்திரையையும் அங்கேயே கொடுக்கலாம். தோட்ட நிர்வாகமும் சுகாதாரப் பகுதியும் கலந்து பேசி எழுதி வைத்தால் போதும், புதுக் கட்டிடம் எதுவும் வேண்டாம். மகளுக்கு அன்றைக்கும் முழுப் பேர் போடுவார்கள்.